நெற்றித் திருநீறும் அமெரிக்கரின் வண்டும்

வண்டின் முதுகில் எந்த இடத்தில் ஊசி குத்த வேண்டும், பட்டாம்பூச்சியின் இறகை எப்படிக் கிழியாமல் விரிக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். காணொளிகளும் இருக்கின்றன. நீங்கள் அதையெல்லாம் என்னைவிட வேகமாகப் பழகிவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பெட்டியைத் திறக்கிறீர்கள், உள்ளே ஏதோ சரியில்லை. பக்கத்தில் செஃப், அதுதான் மேலதிகாரி, நிற்கிறார். திங்கட்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். இப்போதே ஒரு முடிவு சொல்லுங்கள் என்கிறார். அந்த நேரத்தில் காணொளி உதவாது.

எங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது இந்தச் சுவிஸ் நாட்டு அருங்காட்சியகங்களில் பூச்சித் தொகுப்புகளைப் பராமரிக்கும் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சேர்ந்த காலத்தில் கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "செத்த பூச்சி பார்க்கிறன்" என்பேன். "ஏன் பிள்ளை, வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்று பாவப்படுவார்கள். ஆஸ்பத்திரியில், ஹோட்டல் சமையலறையில், மணிக்கூடு செய்கிற ஃபப்ரிக்கில் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கான வேலை இருந்தது. என் வேலை மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, அது போதும் என்று இருந்தேன். வயதாகி ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு காலையிலாவது அலுத்துக்கொண்டு அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்ததில்லை.

என்னைப் பழக்கியவர் பெரிய தாடி வைத்த ஒரு மனிதர். ஒவ்வொரு நாளும் தொகுப்பறைக்குள் போவதற்கு முன் வாசலில் நின்று தாடியை நன்றாகச் சீவி உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் சேர்ந்த முதல் வாரம் என் நெற்றித் திருநீற்றைக் காட்டி, "இது உதிருமோ?" என்று கேட்டார். உதிரும் என்றேன். "அப்ப நீ நெற்றியைக் கழுவு, நான் தாடியைச் சீவுறன். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்" என்றார். அவர் சொன்னது சுவிஸ் ஜெர்மனில். ஆனால் எனக்குள் எல்லாம் தமிழில்தான் பதிகிறது, ஆகவே இங்கே எல்லோரும் தமிழிலேயே பேசட்டும். அன்றிலிருந்து வீட்டில் சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு ரயிலேறுவேன், வேலைக்கு வந்ததும் முகம் கழுவுவேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவருடைய தாடிக்கு நடந்ததுதான் என் நெற்றிக்கும் நடந்தது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் தூள். காய்ந்த பூச்சிகளைத் தின்று வாழும் ஒரு சின்ன வண்டு இருக்கிறது. மியூசிய வண்டு என்று உங்களுக்கு அறிமுகமாகியிருக்கும். அதன் புழு ஊசியில் நிற்கும் பூச்சியின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும். வெளியே பார்த்தால் பூச்சி ராஜா மாதிரி நிற்கும். அடியில் கொஞ்சம் பழுப்புத் தூள் கிடக்கும், அவ்வளவுதான். "தூள் கிடந்தால் ஆள் உள்ளுக்க" என்பார் தாடிக்காரர். ஒரு பெட்டியில் தூள் கண்டால் பக்கத்துப் பெட்டிகளுக்கும் ஆபத்து. அதனால்தான் எங்கள் இடத்தில் வெளியிலிருந்து ஒரு துகள் தூளும் உள்ளே வரக்கூடாது. எது எங்கிருந்து வந்தது என்று குழம்பக்கூடாது.

இனி அமெரிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் செத்து எத்தனையோ காலம். ஆனாலும் தொகுப்பறையில் நாங்கள் அவரைப் பற்றிப் பேசுவது, மேல் மாடியில் இருக்கிற ஒரு சக ஊழியரைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். "அமெரிக்கர் எங்க?" என்று ஒருவர் கேட்பார், "மேசையில இருக்கிறார்" என்று மற்றவர் சொல்வார், அவருடைய வண்டுப் பெட்டியைத்தான்.

அவர் தன்னுடைய நாட்டில் பூச்சிகளைப் படித்த முதல் ஆட்களில் ஒருவர். மருந்துக்கடை வைத்திருந்தவர். கடையைவிட வண்டு பிடிக்கப் போன நேரம்தான் அதிகம் போலிருக்கிறது, கடை நொடித்துப்போனது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் இருந்தவர்கள்தான் பெயர் வைத்தார்கள். கப்பலில் வந்து சேர்ந்த காய்ந்த உடம்பைப் பார்த்து, அது உயிரோடு என்ன செய்தது என்று ஒன்றும் தெரியாமலே எழுதினார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பூச்சியை நாங்கள்தான் எழுத வேண்டும், அது இருக்கிற இடத்தில் போய் நின்று எழுத வேண்டும் என்று ஆற்றோரமும் மலையோரமும் அலைந்தார். பயிரைத் தின்ற புழுவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விவசாயிகள் அவரிடம் வருவார்களாம். அவர் அதை வளர்த்துப் பார்ப்பார். என்ன சாப்பிடுகிறது, எப்போது கூடு கட்டுகிறது, எதிலிருந்து வெளியே வருகிறது என்று காத்திருந்து பார்ப்பார். பெயர் வைப்பது அவருக்குக் கடைசி வேலை. அந்த மனிதர்மேல் எனக்கு உள்ள மரியாதை இதனால்தான்.

அவர் இறந்த பிறகு அவருடைய தொகுப்பைக் கவனிக்க ஆளில்லாமல், அது எங்கேயோ ஒரு அறையில் கிடக்க, முழுவதையும் மியூசிய வண்டு தின்றுவிட்டது. வாழ்நாள் உழைப்பு முழுவதும் தூளாகப் போனது. மிஞ்சியது, இந்த நாட்டில் ஒரு கிராமத்துப் பாதிரியாருக்கு அவர் அன்பளிப்பாக அனுப்பிய சில பெட்டிகள்தான். பாதிரியாருக்கும் வண்டுப் பைத்தியம். அவருடைய அலுமாரி பிறகு எங்களிடம் வந்தது.

அதில் ஒரு கறுப்பு வண்டு. நீண்ட மீசையோடு விரல் நுனி அளவில் இருக்கும். அதற்கு அமெரிக்கர் பெயர் வைத்தார், அவருக்குப் பிறகு அதை யாரும் பிடிக்கவில்லை. உலகத்தில் அந்த இனத்துக்கு எங்களிடம் இருந்த அந்த ஒரு உடம்புதான் சாட்சி. குளிர்காலத்தில் ரயில் நிலைய வாசலில் சுட்டு விற்கிறார்களே மரோனிக் கொட்டை, அதே இனத்து அமெரிக்க மரங்கள் அங்கே காடு காடாக நின்றன. பிறகு ஒரு நோய் வந்து அந்தப் பெரிய மரங்கள் எல்லாம் சாய்ந்துபோயின. அமெரிக்கர் வண்டைப் பிடித்ததும் அந்த மலைப்பக்கம்தான். ஆகவே அது மரோனி மரத்தில் வாழ்ந்த வண்டு, மரத்தோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஆனால் அவர் எழுதியது "முதிய மரங்களில்" என்று மட்டும்தான். எந்த மரம் என்று எழுதவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த வண்டு எந்த மரத்தில் வாழ்ந்தது என்பதற்கு அதன் உடம்பில் ஏதாவது தடயம் கிடைக்குமா என்று நேரில் வந்து பார்க்க விரும்பினார். வேறு மரம் என்றால் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன, போய்த் தேடலாம். மரோனி என்றால் தேடுவதில் பயனில்லை, கோப்பை மூடிவிடலாம் என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை வருவதாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நானும் செஃப்பும் பெட்டியைத் திறந்தோம். செஃப் அப்போது புதிது, என்னைவிட வயதில் மிகவும் இளையவர். முன்பு வேலை செய்த இடத்தில் மியூசிய வண்டு புகுந்து ஒரு முழு அலுமாரியை இழந்தவர். அந்தக் கதையை அவர் சொல்லும்போது முகம் வெளிறிவிடும். கண்ணாடியைத் தூக்கினேன். கறுப்பு வண்டுக்கு அடியில் பழுப்புத் தூள் கிடந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் நினைத்தது அமெரிக்கரைத்தான். அங்கே அவருடைய எல்லாவற்றையும் தின்றது, கடைசியில் கடல் தாண்டி இங்கேயும் வந்துவிட்டதே என்று அழுகை வந்தது.

செஃப் தூளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பார்த்தது என் கண்ணை அல்ல, நெற்றியை.

"ஒண்டு கேட்டால் கோவிக்கக்கூடாது. நீங்கள் நேற்றுப் பின்னேரம் கோயிலுக்குப் போகப் போறன் எண்டு சொன்னனீங்கள். இண்டைக்குக் காலமை இந்தப் பெட்டியை எடுத்தது நீங்கள்தானே?"

"எடுக்கேக்க கண்ணாடியைத் திறக்கேல்லை. மேசைக்குக் கொண்டுவந்து வைச்சதோடை சரி."

"அந்தத் தூள்... சந்தனமோ ஏதோ பூசுவீங்கள்தானே. அதாய் இருந்தால் நல்லம். அதாய் இருக்க வேணும் எண்டுதான் கேட்கிறன்."

நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. இத்தனை வருடம் அந்த வாசலில் முகம் கழுவியவள் நான். தாடிக்காரர் இருந்திருந்தால் அதற்கு அவரே சாட்சி சொல்லியிருப்பார், அவர் இல்லாததால் நானே சொன்னேன். "என்ரை நெத்தியில இருந்து ஒரு துகளும் இந்த அறைக்குள்ள விழேல்லை. விழவும் விடமாட்டன். கோயில்ல தந்த சந்தனம் திருநீறு எல்லாம் பொட்டலமாய் மடிச்சு என்ரை பைக்குள்ள, வெளியில, அலுமாரிக்குள்ள இருக்கு. வாங்கோ காட்டுறன்" என்று விறுவிறென்று நடந்தேன். அவரும் பின்னால் வந்தார்.

உடுப்பு அலுமாரியைத் திறந்து, கைப்பையை எடுத்து, இதோ பாருங்கள் என்று விரித்தேன். பைக்குள் எங்கும் சந்தனத் தூள். ரயில் அட்டையில், கண்ணாடிக் கூட்டில், வீட்டுத் திறப்புக் கொத்தில், எல்லாவற்றிலும். ஐயர் மடித்துத் தந்த பேப்பர் பொட்டலம் மடிப்பு முனையில் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

செஃப் வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். நான் கிழிந்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவமானத்தில் நின்றேன். மடிப்பு முனை. காகிதம் எப்போதும் கிழிவது அங்கேதான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, அந்தக் கறுப்பு வண்டின் ஊசியில், பெயர்ச் சீட்டுக்குக் கீழே, மடித்த காகிதம் ஒன்று குத்தியிருப்பது நினைவுக்கு வந்தது.

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த காகிதம்தான். மடித்த பழைய சீட்டு என்று நினைத்து விட்டுவிட்டோம். பழைய சீட்டுகளை விரிக்கக்கூடாது என்பது சட்டம், விரித்தால் ஒடிந்துவிடும். எனக்கு முன் வந்தவர்களும் அந்தச் சட்டத்தை மதித்தார்கள், நானும் மதித்தேன்.

"செஃப், அது சீட்டு இல்லை. பொட்டலம்" என்றேன்.

திரும்ப ஓடிப்போய் நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தோம். ஆளுக்கு ஆள் மாறி மாறிப் பார்த்தோம். மடிப்பு முனையில் காகிதம் ஈர்க்கு அளவுக்குக் கிழிந்து திறந்திருந்தது. அண்மையில் புதுக் கட்டிடத்துக்கு அலுமாரிகளை மாற்றியபோது குலுங்கிக் கிழிந்திருக்க வேண்டும். தூளில் ஒரு துகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது செஃப்தான் முதலில் சொன்னார், "இது நார்" என்று. மரத்தின் நார். அமெரிக்கர் வண்டைப் பிடித்தபோது, அது மரத்தைக் குடைந்து தள்ளிய தூளையும் ஒரு சிட்டிகை அள்ளி, காகிதத்தில் மடித்து, அதே ஊசியில் குத்தியிருக்கிறார். உடம்பை மட்டும் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை, அது செய்த வேலையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். நான் அப்போது கண் கலங்கியதைச் செஃப் பார்த்தார்.

ஆனால் இத்தோடு முடியவில்லை. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சந்தோஷத்தில் எடுக்கிற முடிவு கோபத்தில் எடுக்கிற முடிவைப் போலவே ஆபத்தானது. செஃப் கேட்ட கேள்வி நியாயமானது.

"பொட்டலத்துத் தூள் எண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அதுக்குள்ள புழுவின்ரை தூளும் கலந்திருந்தால்? சட்டப்படி தூளைத் துடைச்சு எடுத்துப்போட்டுப் பெட்டியைக் குளிர்ப்பெட்டிக்குள்ள வைச்சுப் புழுவைக் கொல்ல வேணும்."

தூளைத் துடைத்தால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் குப்பைக்குப் போகும். துடைக்காமல் அப்படியே குளிர்ப்பெட்டிக்குள் வைக்கலாம் என்றால், பாதிரியாரின் அலுமாரியில் உள்ள வண்டுகளின் கால்கள் பழைய பிசினால் ஒட்டப்பட்டவை. நான் சேர்வதற்கு முன்பே அதே அலுமாரியின் வேறொரு பெட்டியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்திருக்கிறார்கள். கால்கள் எல்லாம் கழன்று பெட்டியின் அடியில் கிடந்தன. ஒன்றும் செய்யாமல் விட்டால், உள்ளே உண்மையாகவே புழு இருந்தால், திங்கட்கிழமைக்குள் உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே ஒரு உடம்பைத் தின்றுவிடும். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று போய்விடலாம்.

நான் போய் முகம் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய முகம்தான். நெற்றியைப் பற்றிக் கேட்ட மனிதரை வெல்ல வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். இருந்தது. அதைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வந்து, வண்டை மட்டும் பார்த்தேன். வயிற்றில் ஓட்டை இல்லை. புழு கழற்றிப்போடும் மயிர்த்தோல் பெட்டியில் எங்கும் இல்லை. அதே பெட்டியில் கொழுத்த வண்டுகள் எத்தனையோ நிற்க, ஒன்றின் அடியிலும் தூள் இல்லை. பசித்த புழு அத்தனையையும் விட்டுவிட்டுப் பொட்டலம் உள்ள வண்டை மட்டும் தேடிப் போகாது.

"குளிர்ப்பெட்டி வேண்டாம். தூளைத் தொட வேண்டாம். இப்ப படம் எடுப்பம். பெட்டியை உறையில போட்டு மூடிச் சூடான அறையில வைப்பம். புழு இருந்தால் சூட்டுக்குத் தின்னும், திங்கள் காலமை புதுத் தூள் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சால்?"

"தெரிஞ்சால் வண்டு போச்சு. முடிவு என்ரை எண்டு எழுதுங்கோ."

செஃப் பேனாவை எடுத்தார். "எங்கட ரெண்டு பேரின்ரை முடிவு எண்டு எழுதுறன்" என்றார். பக்கத்துப் பெட்டிகளை எல்லாம் அன்று மாலைவரை இருவரும் சேர்ந்து சோதித்தோம். எல்லாம் சுத்தம்.

நான் இருக்கிற பீல் நகருக்கு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். என் கணவர் மணிக்கூட்டு ஃபப்ரிக்கில் வேலை செய்தவர், தூசி என்றால் எங்கள் வீட்டில் அவருக்குத்தான் அதிகப் பயம். நான் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லையப்பா. செத்து இருநூறு வருசமாகப் போற ஒருத்தர், திரும்பச் சாகப்போறாரோ எண்டு பயமாய் இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எங்கட இடத்தில மணிக்கூட்டுக்குள்ள ஒரு தூசி கண்டால் உடனே ஊதிப்போடுவம். அது எங்கால வந்தது எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம். நீர் கேட்டிருக்கிறீர்" என்றார். பிறகு, "பிழைச்சாலும் பரவாயில்லை, சாப்பிடும்" என்று சோற்றை என் பக்கம் தள்ளினார். அந்தச் சனியும் ஞாயிறும் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

திங்கட்கிழமை அமெரிக்க அம்மா வருவதற்கு முன்பே நானும் செஃப்பும் போய்விட்டோம். வெள்ளிக்கிழமை எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தோம். துகளுக்குத் துகள் அப்படியே இருந்தது. புதிதாக ஒன்றும் விழவில்லை. செஃப் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகுதான் அந்த அம்மா வந்தார். தடயம் கிடைக்குமா என்று பல், நகம், மீசை எல்லாம் சோதிக்கக் கருவிகளோடு வந்திருந்தவர். நான் பொட்டலத்தைக் காட்டியதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அவர் எங்களுக்கு எடுத்து வைச்சிருக்கிறார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். அதுவும் எனக்குத் தமிழில்தான் நிற்கிறது.

தூளில் கொஞ்சம் மரம் பார்க்கிற ஆய்வுகூடத்துக்குப் போனது. பதில் வந்தது: மரோனி இல்லை, கருவாலி, ஓக் என்கிறார்களே அந்த மரம். அந்த மலையில் முதிய கருவாலி மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. அமெரிக்கர் தன் நாட்டுக்காரர்கள் போய்த் தேட வேண்டிய மரத்தை எங்கள் ஊருக்கு அனுப்பிப் பத்திரப்படுத்தியிருந்தார். அதைத் துடைக்க விடாமல் காத்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இதைச் சொல்ல நான் கூச்சப்படப் போவதில்லை. நீங்களும் ஒரு நாள் இப்படி ஒன்றைக் காப்பாற்றினால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றேன். இந்தக் கோடையில் ஒரு நாள் பீலில் பஸ்ஸில் இருக்கும்போது செஃப் தொலைபேசியில் அழைத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"புதுத் தூள் விழுந்திருக்கு" என்றார்.

ஓய்வு பெற்றது மறந்துபோய், "எந்தப் பெட்டியில?" என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெட்டியில இல்லை. அமெரிக்காவில. அந்த மலையில, ஒரு கருவாலி மரத்தடியில. அந்த அம்மா இப்பதான் படம் அனுப்பினவ. எங்கட பொட்டலத்தில இருந்த அதே மாதிரித் தூள், ஈரம் காயாமல் கிடக்குதாம்."

"வண்டைக் கண்டவையோ?"

"இன்னும் இல்லை. தூள் மட்டும்தான்."

நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதெல்லாம் கழுவுவதில்லை, காலையில் பூசியது அப்படியே இருந்தது.

"அதுவே போதும் செஃப்," என்றேன். "தூள் கிடந்தால் ஆள் உள்ளுக்க."